பழைய மெஷினா, புது மெஷினா? வீட்டுப் பட்டறைக்கு ஸ்குரோல் சோ வாங்குமுன் ஒரு வார்த்தை



கடந்த சில மாதங்களாக எங்கள் நலன்புரிக் காரியாலயத்துக்கு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்து கொண்டிருக்கிறது. "ஐயா, மரத்துல எழுத்து வெட்டுற மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். பழசு வாங்குறதா, புதுசு வாங்குறதா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் ஒரு பகுதியினர் ஓய்வு பெற்று, ஊழியர் சேமலாப நிதிப் பணம் கையில் வந்தவர்கள். மற்றவர்கள் கொழும்பில் கடை கடையாக வேலை செய்துவிட்டு, இனி ஊரிலேயே ஏதாவது பார்ப்போம் என்று திரும்பி வந்த பிள்ளைகள். இரண்டு தரப்பாரிடமும் இருப்பது ஒரே தடவை செலவழிக்கக் கூடிய பணம். போனால் திரும்பி வராது. ஆகவே இந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத நினைத்தோம்.

இதை எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமது கீழ் டிவிஷனில், தொழிற்சாலையில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அண்ணன் இருக்கிறார். எல்லாரும் அவரை ஆசாரி அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் கொழும்பிலே ஒரு பழைய சாமான் கடையில் அமெரிக்க மெஷின் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு, தன் சேமலாப நிதிப் பணத்தில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்கி, லொறியில் ஏற்றிக் கொண்டு வந்தார். வார்ப்பிரும்பு மெஷின். இறக்குவதற்கு நாலு பேர் வேண்டியிருந்தது. பூசை போட்டு, சூடம் காட்டி, பிளக்கைச் சொருகி, சுவிட்சைப் போட்டார். ஒரு உறுமல் கேட்டது. பிறகு புகை வந்தது. அன்று சாயங்காலம் எங்களிடம் வந்து, "ஐயா, மெஷினு செத்துப் போச்சுங்க" என்று சொல்லிவிட்டு வாங்கில் உட்கார்ந்து விட்டார். வேறு ஒன்றும் பேசவில்லை. நடந்தது என்னவென்று கீழே சொல்லுகிறோம். முதலில் மெஷினைப் பற்றித் தெரிந்து கொள்ளுவோம்.

பள்ளிக்கூடத்தில் கைப்பணிப் பாடத்தில் பிரெட் வாள் பிடித்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். 'ப' போல வளைந்த ஒரு சட்டம், அதன் இரண்டு நுனிக்கும் நடுவில் நூல் போல மெல்லிய பிளேட். ஸ்குரோல் சோ என்பது அதே வாள்தான். கையால் ஆட்டுவதற்குப் பதிலாக மோட்டர் ஆட்டுகிறது. தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குகிற மாதிரி பிளேட் ஏறி இறங்கும். நாம் பலகையை மேசையில் வைத்து, கோட்டின் வழியே திருப்பித் திருப்பித் தள்ள வேண்டும். பிளேட்டின் ஒரு நுனியைக் கழற்றி, பலகையில் போட்ட சின்ன ஓட்டைக்குள்ளே விட்டு, மறுபடி மாட்டினால் விளிம்பை வெட்டாமல் நடுவில் மட்டும் வெட்டி எடுக்கலாம். 'ஆ' எழுத்தின் உள்வட்டமும், மயில் தோகையின் கண்ணும் அப்படித்தான் வருகின்றன. கையில் பிடித்து அறுக்கிற ஜிக் சோவினால் இந்த நுணுக்கம் வராது. அதன் பிளேட் தடிப்பு. ஒரு பக்கம் மட்டும்தான் பிடிப்பு.

மின்சாரம் வருவதற்கு முன்னரே இந்த மெஷின் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1870களில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில், ரொக்போட் என்ற ஊரில், பார்ன்ஸ் சகோதரர்கள் காலால் மிதித்து ஓட்டுகிற மெஷின் செய்து விற்றார்கள். இங்கிலாந்தில் டெரஹாம் என்ற ஊரில் இருந்த ஹொபீஸ் என்ற கம்பனி, வீட்டுக்காரர்களுக்கென்றே கால் மெஷின் செய்ததோடு, 1895 இல் ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கி, வெட்டுவதற்கான படங்களையும் அதனோடு கொடுத்தது. கால் மெஷினை நாம் சிரித்துத் தள்ள வேண்டியதில்லை. 2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் நாம் இருந்ததை மறக்கவில்லை அல்லவா? அந்தக் காலத்தில் மிதி தையல் மெஷின் வைத்திருந்த வீட்டில் மட்டும்தான் தையல் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஆசாரி அண்ணன் வாங்கிய வகை. போன நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் டெல்டா கம்பனி செய்த 24 அங்குல மெஷின் இந்த வகைக்குப் பேர் போனது. வேறு கம்பனிகளும் செய்தன. இதில் மேலே இருக்கிற கை அசையாது. ஒரே வார்ப்பாக, யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்கும். கீழே ஒரு பெட்டிக்குள் சக்கரமும் தண்டும் சுற்றி, பிளேட்டைக் கீழே இழுக்கும். மேலே கொண்டு போவது யார்? கையின் நுனியில், குழாய்க்குள் இருக்கிற ஒரு ஸ்பிரிங். இங்கேதான் இந்த மெஷினின் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

ஸ்பிரிங் என்றால் இழுக்க இழுக்க விறைப்பு கூடும்; விட விடக் குறையும். ஆகவே பிளேட் கீழே போகும்போது அளவுக்கு மேல் விறைப்பாகவும், மேலே வரும்போது தளர்வாகவும் இருக்கும். வேகம் கூடக்கூட ஸ்பிரிங்குக்குக் கூடவே ஓடி வர நேரம் போதாது. பிளேட் மேலே தள்ளப்படும். மேலே இருந்து இழுக்கிறவன் பிந்தி விடுவான். நடுவில் பிளேட் வளைந்து, 'டக்' என்று முறியும். தடித்த பிளேட் என்றால் இந்த அடியைத் தாங்கிக் கொள்ளும். நூல் போன்ற பிளேட் தாங்காது. இதனால்தான் பழைய மெஷினில் நுணுக்க வேலை செய்கிறவர்கள், வேகத்தை நன்றாகக் குறைத்து வைத்துக் கொண்டு செய்வார்கள்.

பலம் என்னவென்றால், அந்தப் பாரம். வார்ப்பிரும்பு அதிர்வைக் குடித்து விடும். பிளேட் நேர் கோட்டில் ஏறி இறங்குவதால் வெட்டுச் சுவர் நிமிர்ந்து நிற்கும். கை நீளம் 24 அங்குலம் இருந்தால், கோயிலுக்குப் பெயர்ப் பலகை செய்யும்போது பலகையைத் தாராளமாகச் சுற்றலாம். இன்னொன்று, மேல் பிடியை விட்டுவிட்டு, கீழ்ப் பிடியில் மட்டும் ஒரு தடித்த பிளேட்டையோ சின்ன அரத்தையோ நிறுத்தி வேலை செய்யலாம். அரம் தானாக ஏறி இறங்கி ஓட்டையின் உள்பக்கத்தை ராவித் தரும். புது மெஷின்களில் இதற்கு வழியில்லை.

புது மெஷின் என்று நாம் சொல்லுவது 1970களுக்குப் பிறகு வந்த அமைப்பை. ஜெர்மனியில் ஹெக்னர் என்ற பெயரில் வந்த மெஷின்தான் இதற்கு வழி காட்டியது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கும். பின்பக்கம் ஒரு தண்டு இரண்டையும் இழுத்துப் பிடித்திருக்கும். முன்பக்கம் பிளேட். நான்கு மூலைக் கட்டில் சட்டம் ஒன்று ஆடுகிற மாதிரி நினைத்துப் பாருங்கள். சட்டம் எப்படி ஆடினாலும் பிளேட்டின் விறைப்பு மாறாது. அதனால் நூல் பிளேட்டும் தாக்குப் பிடிக்கிறது. பிளேட் முறிந்தாலும் மேல் கை நின்று விடும். முறிந்த துண்டு விரலைக் குத்திக் கொண்டே இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் காலத்துக் கால் மெஷின்கள் பலவற்றில் இந்த இரட்டைக் கைதான் இருந்தது. மரத்தால் செய்த கை. இடையில் விட்டுப் போனதை மறுபடி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதிலும் இரண்டு உறவுக்கார வகைகள் உண்டு. ஒன்றில் மேல் கையும் கீழ்க் கையும் பின்னால் ஒன்றாக ஒட்டி, ஆங்கில 'சி' எழுத்துப் போல ஒரே கையாக ஆடும். இதில் பிளேட் நேராகப் போகாமல் வில் போல வளைந்து போய் வரும். வேகமாக வெட்டும், ஆனால் தடித்த மரத்தில் வெட்டு முகம் அவ்வளவு நிமிர்ந்து வராது. பிளேட் முறிந்தாலும் கை ஆடிக் கொண்டே இருக்கும். மற்ற வகையில் நீளக் கை ஆடாது. உள்ளே தண்டுகள் முன்னும் பின்னும் போய் வர, நுனியில் உள்ள குட்டைக் கை மாத்திரம் ஆடும். கனடாவின் எக்ஸ்காலிபர் மெஷின் இந்த வகை. ஆடுகிற பாரம் குறைவு, ஆகவே அதிர்வும் குறைவு. விலை கூட. கடைகளில் மலிவாகக் கிடைக்கிற 16 அங்குல மெஷின்களில் பெரும்பாலானவை சாதாரண இரட்டைக் கை வகை.

வாயால் பேசிக் கொண்டிருப்பதில் பிரயோசனமில்லை என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மெஷினையும் ஓட்டிப் பார்த்தோம். ஆசாரி அண்ணனின் பழைய மெஷின் அதற்குள் உயிர் பெற்றிருந்தது. புது மெஷின், மேல் டிவிஷனில் பிள்ளை மடுவத்துக்கு எழுத்து அட்டையும் விலங்கு உருவங்களும் செய்து கொடுக்கிற ஒரு தங்கச்சியுடையது. 16 அங்குலம், இரட்டைக் கை. தேயிலை மரப்பெட்டியில் போன காலத்துப் பலகை, அதாவது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் பிளைவூட், ஆசாரி அண்ணன் வீட்டுப் பரணில் மிச்சம் இருந்தது. இப்போது தேயிலை கடதாசிப் பையில்தான் போகிறது. அந்தப் பலகை இனிக் கிடைக்காது. அதில் ஒரு மயில். இன்னொன்று 1 அங்குல மகோகனிப் பலகையில் ஒரு எழுத்து.

மயிலுக்கு இரண்டு மெஷினிலும் 2ஆம் நம்பர் பிளேட். பழைய மெஷினில் தோகை முடிவதற்குள் நாலு பிளேட் போய் விட்டது. ஆசாரி அண்ணன் பெல்ட்டைச் சின்ன வேகத்துக்கு மாற்றிய பிறகுதான் ஐந்தாவது தாக்குப் பிடித்தது. தங்கச்சியின் மெஷினில் ஒரே பிளேட்டில் முழு மயிலும் வந்து, பிளேட் மிச்சமும் இருந்தது. ஓட்டைக்கு ஓட்டை பிளேட்டைக் கழற்றி மாட்டுவதிலும் அவருக்கே வெற்றி. சாவி வேண்டாம், கையால் திருகினால் போதும். மயிலுக்கு இருபதுக்கு மேல் ஓட்டை. ஆசாரி அண்ணன் ஒவ்வொன்றுக்கும் ஸ்குரு சாவியைத் தேடிக் கொண்டிருந்தார்.

மகோகனிக்குப் போனோம். 9ஆம் நம்பர் பிளேட். இப்போது கதை மாறியது. பழைய மெஷின் ஒரே சீராக, சத்தமில்லாமல், வெண்ணெயில் கத்தி போகிற மாதிரிப் போனது. மேசை மேல் வைத்திருந்த தேத்தண்ணி அலை அடிக்கவில்லை. புது மெஷினோ மேசையோடு சேர்ந்து நடக்கப் பார்த்தது. தங்கச்சி மெதுவாகத் தள்ளித்தான் முடித்தார். "சேர், எனக்கு இந்தத் தடிப்பு வேலையே வர்றதில்ல. வந்தா பெரியப்பாகிட்ட குடுத்துருவேன்" என்றார் அவர். பெரியப்பா என்றது ஆசாரி அண்ணனை. அவரும் சிரித்துக் கொண்டே, "மயிலு வந்தா நான் அங்க அனுப்புறேன், போதுமா?" என்றார்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நாம் என்ன வெட்டப் போகிறோம் என்பதே. எழுத்து, பொம்மை, படம், சுவாமி தட்டுக்குப் பூ வேலை என்றால் இரட்டைக் கை மெஷின். தடித்த சவுக்குப் பலகையில் கதிரைக் கால் வளைவு, கைப்பிடி, பெரிய பெயர்ப் பலகை என்றால் பழைய மெஷின் சளைக்காது. 16 அங்குலம் என்றால், விளிம்பிலிருந்து 16 அங்குலம் வரைதான் பிளேட் பலகைக்குள்ளே போகும் என்பதைக் கணக்கில் எடுங்கள். நீளப் பலகை கையில் இடித்தால், சுற்றி வர பல் உள்ள முறுக்குப் பிளேட் போட்டுப் பலகையைத் திருப்பாமலே வெட்டலாம். ஆனால் வெட்டு சொரசொரப்பாக இருக்கும்.

இனி புகை வந்த கதைக்கு வருவோம்.

ஆசாரி அண்ணன் மெஷினின் மோட்டரில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதன் மேல் யாரோ பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சுரண்டிப் பார்த்தோம். 115 வோல்ட், 60 சைக்கிள் என்று இருந்தது. நமது நாட்டில் வருவது 230 வோல்ட், 50 சைக்கிள். இரு மடங்கு வோல்ட்டைக் குடித்தால் மோட்டர் என்ன செய்யும்? எரியும். கடைக்காரர் சொல்லவில்லை, ஆசாரி அண்ணன் கேட்கவும் இல்லை. பழைய மெஷின் வாங்குகிற எவரும் முதலில் தேட வேண்டியது அந்தத் தகட்டைத்தான். இங்கிலாந்து மெஷின் என்றால் பெரும்பாலும் நமது கரண்ட்டுக்கே சரியாக இருக்கும். அமெரிக்க மெஷின் என்றால் கட்டாயம் பார்க்க வேண்டும்.

"டிரான்ஸ்போமர் போட்டாப் போதாதா?" என்று கேட்பீர்கள். அது மோட்டரைப் பொறுத்தது. பழைய மெஷினில் வெளியே தனியாக இருந்து பெல்ட்டால் ஓட்டுகிற மோட்டர், சைக்கிள் கணக்குக்குக் கட்டுப்பட்டது. 60 சைக்கிளில் நிமிடத்துக்கு 1725 சுற்று ஓடுவது, 50 சைக்கிளில் ஏறக்குறைய 1440 தான் ஓடும். டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, சைக்கிளை மாற்றாது. வேகம் குறைவது மட்டுமல்ல, மோட்டரும் வழக்கத்தை விடச் சூடேறும். ஆகவே இந்த வகைக்கு நல்ல வழி, மோட்டரையே மாற்றி விடுவது. மெஷினும் மோட்டரும் தனித்தனி என்பதுதான் பழைய மெஷினின் பெரிய புண்ணியம். ஆசாரி அண்ணனுக்கு மூன்றிலொரு குதிரை வலுவில், 230 வோல்ட்டில் ஓடுகிற, 1440 சுற்று மோட்டர் ஒன்று கிடைத்தது. கப்பியின் ஓட்டை அங்குலக் கணக்கு, புது மோட்டரின் தண்டு மில்லிமீட்டர் கணக்கு. லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்து பொருத்தினார்கள். வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்ததை அவர் பொருட்படுத்தவில்லை. நூல் பிளேட்டுக்கு அது நல்லதுதான் என்கிறார். செலவு என்னவோ இரண்டாவது தடவையும் வந்து விட்டது. மகளின் நகை ஒன்று அந்த மாதம் அடகுக் கடைக்குப் போனது என்பதை இங்கே எழுதலாம் என்று அவரே சொன்னார். மற்றவர்கள் தெரிந்து கொள்ளட்டும் என்று.

புது மெஷின்களில், குமிழைத் திருகி வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகைகள் பலவற்றில் உள்ளே இருப்பது வேறு விதமான மோட்டர். மின்சாரத்தை உள்ளே உள்ள சின்ன பலகை மாற்றிக் கொடுக்கும். அவற்றுக்குச் சைக்கிள் பிரச்சினை பெரிதல்ல. 120 வோல்ட் மெஷின் என்றால் டிரான்ஸ்போமரில் ஓடும். தகட்டில் உள்ள அம்பியரையும் வோல்ட்டையும் பெருக்கிப் பாருங்கள். 1.3 அம்பியர், 120 வோல்ட் என்றால் 156 வாட். அதற்கு இரு மடங்காவது தாங்குகிற டிரான்ஸ்போமர் வேண்டும். ஆனால் அந்தச் சின்னப் பலகை பழுதானால் இங்கே மாற்றுச் சாமான் தேடி அலைய வேண்டும். பழைய மெஷினிலோ ஸ்பிரிங், பெல்ட், தோல் வளையம் என்று எதையும் நமது கராஜ்காரர் செய்து கொடுத்து விடுவார். இன்னொன்றையும் சொல்லி வைக்கிறோம்: பழைய மோட்டரின் வேகத்தைக் குறைக்க, பல்புக்குப் போடுகிற டிம்மரை மாட்டாதீர்கள். வேகம் ஒழுங்காகக் குறையாது, மோட்டர்தான் சூடாகும். கப்பியை மாற்றுவதே முறை.

பழைய மெஷினைப் பார்க்கப் போகும்போது, சுவிட்சைப் போடச் சொல்லுவதற்கு முன் கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். கரகர என்று உரசுகிறதா, ஓரிடத்தில் இறுகுகிறதா என்று கை சொல்லி விடும். மேல் குழாயையும் கீழ்ப் பிடியையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் தேய்ந்து விட்டது. வார்ப்பிரும்புக் கையில் வெடிப்போ ஒட்டு வேலையோ இருந்தால் விட்டு விட்டு வந்து விடுங்கள். பெட்டிக்குள் ஒயில் இருக்கிறதா, ஒழுகுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிளேட் பிடிகள் இரண்டும் இருப்பது முக்கியம். அது இல்லாத மெஷின் வெறும் இரும்பு விலைக்குத்தான்.

புது மெஷினில் பார்க்க வேண்டியது வேறு. மேல் கையின் நுனியைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். பிறகு, அது எந்தப் பிளேட்டை எடுக்கும் என்று கேளுங்கள். வழக்கமான பிளேட் 5 அங்குல நீளம். சிலவற்றின் இரு நுனியிலும் குறுக்கே ஒரு சின்னக் கம்பி இருக்கும், சிலவற்றில் இருக்காது. கம்பி உள்ளதை மாட்டுவது சுகம். ஆனால் அந்தக் கம்பி நுழைகிற அளவுக்குப் பெரிய ஓட்டை போட வேண்டும். மயில் கண்ணுக்கு அது சரி வராது. கம்பி உள்ளதை மட்டும் எடுக்கிற மலிவு மெஷினை வாங்கி விட்டுப் பிறகு வருந்தியவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் எடுக்கிற மெஷினாகக் கேட்டு வாங்குங்கள்.

பிளேட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். பல் கீழே பார்க்க மாட்ட வேண்டும். மேலே பார்க்க மாட்டினால் பலகை துள்ளும். விரலால் தட்டினால் தந்தி போலச் சத்தம் வர வேண்டும். மெல்லிய பிளைவூட்டுக்கு 2, முக்கால் அங்குலத்துக்கு 5, அதற்கு மேல் 9 என்று வைத்துக் கொண்டால் பெரும்பாலான வேலை நடக்கும். புது பிளேட் கோட்டை விட்டு ஒரு பக்கமாக இழுத்தால் மெஷினைக் குறை சொல்லாதீர்கள். அச்சில் வெட்டிய பிளேட்டின் ஒரு பக்கத்தில் பிசிறு இருக்கும். அந்தப் பக்கம் கொஞ்சம் கூட வெட்டும். பலகையை இலேசாகச் சாய்த்துப் பிடித்துத் தள்ளினால் நேராகப் போகும். மேசை நேராக இருக்கிறதா என்று பார்க்க ஆசாரி அண்ணன் ஒரு வழி காட்டினார். ஒரு தடித்த கட்டையில் சின்னதாக ஒரு கீறல் வெட்டுங்கள். கட்டையைத் தூக்காமல் மேசையிலேயே சுற்றி, பிளேட்டின் முதுகுப் பக்கம் கொண்டு போய், அதே கீறலைப் பிளேட்டோடு சேருங்கள். சுலபமாக நுழைந்தால் மேசை நேர். மகோகனி போன்றது கருகினால், மேலே பார்சல் ஒட்டுகிற டேப்பை ஒட்டி வெட்டிப் பாருங்கள், கருகுவது குறையும். இது தங்கச்சி சொல்லித் தந்தது.

மெஷினை எங்கே வைப்பது? இதைத்தான் நாங்கள் எல்லாவற்றிலும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறோம். லயக் காம்பராவுக்குள் வைக்க வேண்டாம். அடுப்பும், மரத்தூளும், பழைய வயரும் ஒரே அறையில் இருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை. ஒரு காம்பரா பற்றினால் வரிசை முழுவதும் பற்றும். பல்பு ஹோல்டரிலிருந்து இழுத்த வயரில் மோட்டர் ஓட்டுவதைச் சில இடங்களில் பார்த்திருக்கிறோம். தயவு செய்து வேண்டாம். ஏர்த் உள்ள மூன்று கால் பிளக், ட்ரிப் சுவிட்ச் உள்ள லைன், தெரிந்த எலக்ட்ரீசியன் போட்ட வயரிங், இவை இல்லாமல் மெஷின் வாங்குவதே வீண். பின்னால் ஒரு சின்னக் கொட்டகை போட இடமிருந்தால் நல்லது. தோட்டக் காணி என்பதால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். கடிதம் எழுத நாங்கள் உதவி செய்கிறோம். மெஷினைப் பாரமான மேசையில் ஆணி இறுக்கி, கீழே பழைய டயர் ரப்பர் வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிற நேரத்தில் ஓட்டாமல் இருப்பதும் நல்லது.

இந்த மெஷின் கையைத் துண்டாக்கி விடாது, ஆனால் விரலை ஆழமாகக் கிழிக்கும். பலகையை அமர்த்திப் பிடிக்கிற காலைப் பலர் கழற்றி எறிந்து விடுகிறார்கள். அதைப் போட்டே வேலை செய்யுங்கள். துப்பட்டா, சால்வை, அவிழ்ந்த தலைமயிர் எதுவும் மெஷின் பக்கம் வரக்கூடாது, கையுறையும் வேண்டாம். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் அவசியம். மெல்லிய தூள்தான் நெஞ்சுக்குள் போகும். தூளை வாயால் ஊதிக் கொண்டிருந்த ஆசாரி அண்ணனுக்கு இப்போது இருமல். தங்கச்சியின் மெஷினில் கோட்டின் மேல் காற்று ஊதுகிற சின்னக் குழாய் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, மீன் தொட்டிப் பம்பு ஒன்றைத் தன் பழைய மெஷினிலும் பூட்டியிருக்கிறார்.

இரண்டு மெஷினையும் பார்க்க விரும்புகிறவர்கள் காரியாலயத்தில் பெயர் கொடுத்தால், இருவரிடமும் கேட்டு நேரம் ஒழுங்கு செய்து தருவோம். வெட்ட நினைக்கிற மரத்திலேயே ஒரு துண்டைக் கொண்டு வாருங்கள். பிளேட்டையும் நீங்களே கொண்டு வருவது முறை. நமது பனியில் பிளேட் இரண்டு வாரத்தில் துருப்பிடித்து விடும். ஒயில் தடவிய கடதாசியில் சுற்றி, மூடியுள்ள பால்மா டின்னில் போட்டு வையுங்கள்.